தலைவெட்டி பங்களாவில் ஏழு பேர்

போன மாதம் அந்த பங்களாவை இடித்தபோது வந்திருந்தவர்கள்: இரும்புக்கடை காதர் பாய், இன்ஜினியர் கஜேந்திரனின் மகன் பிரபு, பொக்லைன் ஓட்டிய பையன், நான். வராதவர்கள்: மண்டி அருணாசலம், ஏட்டு துரைக்கண்ணு, இன்ஜினியர் கஜேந்திரன். இவர்கள் மூன்று பேரும் இனிமேல் எங்கேயும் வரப்போவதில்லை. வக்கீல் தேவநேசன் பெங்களூரில் மகள் வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கிறார். போளூர் அண்ணன் தம்பியில் அண்ணன் அமெரிக்காவில். தம்பிக்குப் போன் செய்தால் அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண்குரல் சொல்கிறது.

வந்தவர் யார், வராதவர் யார் என்று முதலில் சொல்லிவிட்டு ஆரம்பிப்பது அங்கே கூட்டம் போட்டவர்களுடைய வழக்கம். அப்படி ஆரம்பிக்க எனக்கு உரிமை கிடையாது. அவர்களுடைய கூட்டத்தில் நான் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை. சொல்வதற்கு வேறு ஆள் மிச்சமில்லாததால் நான் சொல்கிறேன். கொஞ்சம் அங்கே இங்கே சுற்றித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொக்லைனின் கை முதல் தடவை சுவரில் இறங்கியதும், தூசிக்கு முன்னால் ஒரு வாசனை வந்தது. பாச்சை உருண்டையும் பழைய தேக்கும் மெழுகுவத்தியும் கலந்த வாசனை. கூடவே, நம்பினால் நம்புங்கள், பிரியாணி வாசனை. பல வருஷமாக அடுப்பு எரியாத இடத்தில் பிரியாணி எங்கிருந்து வரும்? என் மூக்குதான் அதைச் சேர்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

வேங்கிக்கால் போகிற ரோட்டில், இரண்டு வேப்பமரங்களுக்குப் பின்னால் இருந்தது அந்தக் கட்டடம். உறுப்பினர்கள் அதை லாட்ஜ் என்பார்கள். மலை சுற்ற ஆட்கள் வருகிற இந்த ஊரில் லாட்ஜ் என்று சொன்னால், பௌர்ணமிக்கு ரூம் காலி இருக்கா என்றுதான் அடுத்த கேள்வி வரும். அதனால் வெளியாட்கள் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. ஊருக்கு அது தலைவெட்டி பங்களா. உள்ளே போகிறவனின் தலையை வெட்டி, மறுபடி ஒட்டி வெளியே அனுப்புவார்களாம். ஒட்டின தலை உள்ளே நடந்ததைச் சொல்லாதாம். அடி அண்ணாமலையில் எங்கள் வீடுவரைக்கும் அந்தப் பயம் வந்திருந்தது. "சோத்தத் துன்றியா, தலைவெட்டி பங்களாவுல உட்டுட்டு வரட்டா?" என்பாள் அம்மா. நான் உடனே தின்றுவிடுவேன். இன்றைக்கு நான் இருக்கிற பருமனில் ஒரு பங்கு அந்தப் பங்களாவைச் சேர்ந்தது.

பெரியவனாகி, சிவில் படித்து, முதல் பட்டதாரி சான்றிதழை பிளாஸ்டிக் உறையில் போட்டு அம்மா சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டின பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. ஃப்ரீமேசன் என்று உலகம் முழுக்க ஒரு சங்கம் இருக்கிறது. அவர்கள் கூடுகிற இடத்துக்குத்தான் லாட்ஜ் என்று பேர். கொத்தனாரின் சாமான்கள்தான் அவர்களுக்குச் சின்னம். மூலைமட்டம், கவராயம், ரசமட்டம், தூக்குக்குண்டு. எந்த மதக்காரனானாலும், கலெக்டரோ கடைக்காரரோ, உள்ளே வந்துவிட்டால் எல்லாரும் ஒரே மட்டம். ஒருவரை ஒருவர் பிரதர் என்று கூப்பிட வேண்டும். போளூரிலிருந்து பஸ்ஸில் வரும் இரண்டு பேர் கூடப்பிறந்த அண்ணன் தம்பி. அவர்களும் உள்ளே போனதும் ஒருவருக்கொருவர் பிரதர் போட்டுப் பேசுவார்கள். வெளியே வந்ததும் பாகப்பிரிவினைச் சண்டையைத் தொடர்வார்கள்.

என் அப்பா நிஜமான கொத்தனார். அவரிடம் நான் அந்தச் சின்னத்தைக் காகிதத்தில் வரைந்து காட்டினேன். உற்றுப் பார்த்தார்.

"மூலமட்டம் இருக்குது, ரசமட்டம் இருக்குது. எத்தினி செவுரு கட்டிருக்கறாங்க?"

"செவுரெல்லாம் கட்ட மாட்டாங்கப்பா. அது ஒரு அடையாளம்."

"அப்ப உள்ள இன்னாதான்டா பண்றாங்க?"

"சேர்ந்தாதான் சொல்லுவாங்களாம்."

"இன்னா பண்றோம்னே சொல்லாதவன்கூட நீ இன்னாத்துக்குடா போயி சேர்ற?"

எனக்குப் பதில் தெரிந்திருந்தது. அப்பாவிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. படித்து முடித்து டவுனுக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து எல்லா இடத்திலும் நான் நின்றுகொண்டே இருந்தேன். ஆபீஸில் முதலாளி முன்னால், வேங்கிக்கால் அரசாங்க ஆபீஸில் பிளான் அங்கீகாரத்துக்காக ஜன்னல் முன்னால், வீடு கட்டுகிறவர்களின் கார் பக்கத்தில். வயதில், பணத்தில், பேரில் பெரியவர்கள் என்னைப் பக்கத்து நாற்காலியில் உட்காரச் சொல்லி, பிரதர் என்று கூப்பிடுவார்களாம். அதற்காக ஒரு ரகசியம் என்ன, பத்து ரகசியத்தைக் காப்பாற்றத் தயாராக இருந்தேன்.

இன்ஜினியர் கஜேந்திரன் வீட்டு மாடியில் நான் வாடகைக்கு இருந்தேன். அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. மகன் பிரபு சென்னையில். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், "இறங்கி வாய்யா, போர்டு தொடச்சி வெச்சாச்சி" என்று கீழேயிருந்து குரல் வரும். கேரம்போர்டு. அந்தக் காலத்தில் அவர் ஆடினால் ஆபீஸே கூடி நின்று பார்க்குமாம். எனக்கு அந்த ஆட்டத்தில் பெரிய திறமை கிடையாது. ஆனாலும் நானே அடிக்கடி ஜெயித்தேன். அவர் குறி வைத்து, மூச்சைப் பிடித்து, ஸ்ட்ரைக்கரைச் சுண்டி அழகாக ஒரு காயைக் குழியில் போடுவார். அது என்னுடைய காயாக இருக்கும்.

"சார், அது கறுப்பு. என்னுது."

"உன்னுதா? சரி வெச்சிக்க. சின்னப் பையன்தான நீ."

விட்டுக்கொடுக்கிறார் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய மனசு என்று என் ஆபீஸில் சொல்லிக்கூட இருக்கிறேன். காலையில் பேப்பரை என்னிடம் நீட்டி, "நீ படி. உன் குரல்ல கேட்டா நல்லா இருக்கு" என்பார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, தலைப்புச் செய்தியிலிருந்து வரி விளம்பரம் வரை ஏற்ற இறக்கத்தோடு படிப்பேன். செய்தி வாசிப்பாளராகப் போயிருக்க வேண்டியவன் என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு எண்ணம். காபியை டபராவுக்கு வெளியே ஊற்றிவிட்டு, "கை நடுங்குது, வயசாச்சில்ல" என்பார். கை நடுங்கி நான் பார்த்ததில்லை. இருந்தும் ஆமாம் சார் என்பேன்.

"பிரபு கூப்ட்டுக்கினே இருக்கான்" என்பார் அடிக்கடி. "எனக்கு ஒரு தலவலினு தெரிஞ்சா போதும், கார எடுத்துக்கினு வந்து அள்ளிப் போட்டுக்கினு போயிடுவான். அங்க பன்னெண்டாவது மாடியில உக்காந்துக்கினு நான் யாரப் பாக்கறது? இங்க சனிக்கெழம ஆனா லாட்ஜ் இருக்குது. அது போதும் எனக்கு."

லாட்ஜின் கதையை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ரயில் பாதை வேலைக்கு வந்த வெள்ளைக்காரர்கள் ஆரம்பித்ததாம். அப்போதெல்லாம் பௌர்ணமியை ஒட்டின சனிக்கிழமைதான் கூட்டம். செங்கத்திலிருந்தும் போளூரிலிருந்தும் குதிரையிலும் மாட்டுவண்டியிலும் வருகிறவர்கள் நிலா வெளிச்சத்தில் திரும்பிப் போகலாம் என்பதற்காக. பிறகு வெள்ளைக்காரர்கள் போனார்கள். தாசில்தார்கள், டாக்டர்கள், மண்டிக்காரர்கள், பஜார் வியாபாரிகள் என்று நம் ஆட்கள் வந்தார்கள். நாற்பது நாற்காலியும் நிறைந்திருந்த காலம் ஒன்று இருந்ததாம். அதற்கப்புறம் பௌர்ணமிக்கு மலை சுற்றுகிற கூட்டம் லட்சக்கணக்கில் பெருகியது. ரோட்டைக் கடந்து பங்களாவுக்கு வரவே முடியாமல் போனது. எல்லாருக்கும் வழி காட்ட வேண்டிய நிலா, இவர்களுடைய வழியை மட்டும் அடைத்துவிட்டது. கூட்டத்தை மாதத்தின் இரண்டாம் சனிக்கு மாற்றினார்கள். அந்த வருஷத்திலிருந்து நாற்காலிகள் காலியாக ஆரம்பித்தன என்பார் கஜேந்திரன். நிலாவை மாற்றினதால் வந்த வினை என்று அவர் உண்மையிலேயே நம்பினாரா என்று தெரியாது. பிள்ளைகள் வெளியூர் போனதுதான் காரணம் என்பது என் கணக்கு.

நான் அறிந்த காலத்தில் ஏழே பேர் மிச்சம். ஏழு அவர்களுக்கு முக்கியம். ஏழு பேர் இருந்தால்தான் புது ஆளைச் சேர்க்க முடியும். அதற்குக் கீழே போனால் சேர்க்கவும் முடியாது, நாளடைவில் சென்னையிலிருக்கிற தலைமைச் சங்கம், லாட்ஜ் நடத்தக் கொடுத்த அனுமதிச் சாசனத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளும். கட்டடமும் போய்விடும். அந்த வருஷம் போளூர் அண்ணனுக்கு அமெரிக்காவிலிருக்கும் மகளிடம் போக விசா வந்துவிட்டது. அவர் கிளம்புவதற்குள் ஒரு புது ஆளைச் சேர்த்தே ஆகவேண்டும். யாராவது வருவார்களா என்று ஊர் முழுக்கக் கேட்டுப் பார்த்துவிட்டார்கள். டாக்டர்களுக்கு நேரமில்லை. வியாபாரிகளின் பிள்ளைகள் சிரித்தார்கள்.

மழையில் கூரை ஒழுகியபோது, அளவெடுத்து ரிப்பேருக்குப் பிளான் போடுவதற்கு கஜேந்திரன் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். முதல் தடவை உள்ளே போனேன். தலை கழுத்தில்தான் இருந்தது. தரை முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரக் கற்கள். கூரையில் நீல வர்ணம் அடித்து, தங்க நட்சத்திரங்கள் வரைந்திருந்தார்கள். ஒழுகின இடத்தில் ஏழெட்டு நட்சத்திரங்கள் உதிர்ந்து சுண்ணாம்பு தெரிந்தது. நான் டேப்பைப் பிடிக்காமல் அண்ணாந்து நின்றுகொண்டிருந்தேன்.

"இன்னா தம்பி, எண்ணுறியா?" என்றார் வாசலில் நின்ற ஏட்டு துரைக்கண்ணு. போலீஸில் ஏட்டாக இருந்தவர். கூட்டம் நடக்கும்போது உருவின கத்தியோடு வெளிக்கதவில் காவல் நிற்பது அவர் பொறுப்பு. அந்தக் கத்தியால் அவர் பலாப்பழம் வெட்டி நானே தின்றிருக்கிறேன். வெட்டி முடித்துத் தேங்காயெண்ணெய் தடவி உறையில் போட்டுவிட்டு, "இதுக்கு இப்ப இதான்பா டூட்டி" என்பார்.

அன்றைக்குத்தான் காதர் பாயையும் மண்டி அருணாசலத்தையும் சேர்த்துப் பார்த்தேன். பஜாரில் எதிரெதிர்க் கடை. காதர் பாய்க்கு இரும்புக் கடை, அருணாசலத்துக்கு மணிலாக்கொட்டை மண்டி. பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகம். ரோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உட்கார்ந்துகொண்டு, நடுவில் போகிற பஸ்ஸுக்கு மேலாகக் கத்திப் பேசுவார்கள்.

"டேய் மண்டி, உன் தராசுல ஏறுனா என் வெயிட்டு கம்மியாக் காட்டுதாமே. டாக்டருகிட்ட போறப்ப எடுத்துக்கினு வா."

"துருப்புடிச்ச ஆணிய வித்து மாடி கட்டுனவன்லாம் பேசறான் பாரு."

நான் அளவெடுக்கப் போனது ஒரு இரண்டாம் சனி. கூட்டம் முடிந்ததும் பக்கத்து ஹாலில் சாப்பாடு. ஒரே நீள மேசை. அருணாசலம் சைவம். அவருக்கு வாழையிலையில் சாம்பார் சாதம். பக்கத்து நாற்காலியில் காதர் பாய் வீட்டு பிரியாணி. அவருடைய இலையிலிருக்கிற அப்பளத்தை இவர் எடுத்து நொறுக்குவார். "உன் பிரியாணி வாசனையிலயே நான் ஜாஸ்தியா ரெண்டு பிடி துன்னுடறேன்டா" என்பார் அவர். இந்த ஊரில் கல்யாணத்திலும் சாவிலும்கூட அவரவர் பந்தி அவரவருக்கு. அந்த மாதிரி ஒரு மேசையை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பிறகும் பார்க்கவில்லை.

அருணாசலம் என்னைப் பார்த்து, "அப்பா இன்னா பண்றாரு?" என்றார்.

"கொத்தனாருங்க."

"கொத்தனாரு?" என்று இழுத்துவிட்டு, காதர் பாய் பக்கம் திரும்பிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அப்படியே மடித்து உள்ளே வைத்துக்கொண்டேன். படித்து மேலே வருகிறவர்கள் எல்லாரிடமும் அப்படி மடித்து வைத்த சிரிப்புகள் கொஞ்சம் இருக்கும். உங்களிடமும் இருக்கலாம்.

என் பேரை கஜேந்திரன் முன்மொழிந்தார். ஓட்டு எப்படி நடக்கும் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை கேரம்போர்டின் மேல் காய்களை வைத்தே காட்டினார். ஒரு தேக்குப் பெட்டி. அதில் கை நுழைகிற ஓட்டை. பெட்டிக்கு முன்னால் இரண்டு வெண்கலக் கிண்ணம். ஒன்றில் வெள்ளை உருண்டை, ஒன்றில் கறுப்பு. ஒவ்வொருவராக வந்து ஒரே ஒரு உருண்டையை எடுத்து, கையை மூடிக்கொண்டு ஓட்டைக்குள் விட்டுப் போட வேண்டும். சேர்க்கலாம் என்றால் வெள்ளை, வேண்டாம் என்றால் கறுப்பு.

"வலது கிண்ணம் வெள்ள, எடது கிண்ணம் கறுப்பு. வெள்ளக்காரன் காலத்துலேருந்து அப்டித்தான். ஏழும் வெள்ளயா இருந்தா நீ உள்ள. ஒண்ணே ஒண்ணு கறுப்பு இருந்தாலும் முடிஞ்சிச்சி."

"கறுப்பு போட்டது யாருனு கேப்பாங்களா சார்?"

"கேக்கவே கூடாது. அதான் சட்டம். நான் போடலனு சொல்லவும் கூடாது. போடாத ஆறு பேரும் சொல்லிட்டா ஏழாவது ஆளு யாருனு தெரிஞ்சிடுமில்ல?" என்று சிரித்தார். "நீ கவலப்படாத. எல்லாரும் எங்கிட்ட சரினு சொல்லிட்டாங்க."

எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு புது ஆள் வருகிறான் என்று அந்தச் சனிக்கிழமை பங்களா கல்யாண வீடு மாதிரி இருந்தது. துரைக்கண்ணு காலையிலிருந்தே எல்லாவற்றையும் துடைத்துக்கொண்டிருந்தார். வெண்கலத்தைப் புளி போட்டுத் தேய்த்திருந்தார். கறுப்புப் பேண்ட், வெள்ளைச் சட்டையோடு நான் போனேன். டை கட்டத் தெரியாமல் கையில் சுருட்டி வைத்திருந்தேன். காதர் பாய் பார்த்துவிட்டு, என்னைச் சுவரோரம் நிறுத்திக் கட்டிவிட்டார். "கழுத்த நீட்டுப்பா. எப்படியும் இன்னிக்கி வெட்டப் போறோம்." சமையல் அண்டாக்களைச் சாப்பாட்டு ஹாலில் இறக்கினார்கள். என்னை அந்த ஹாலிலேயே உட்காரச் சொன்னார்கள். உள் கதவு மூடியது.

சாயங்காலம் மின்வெட்டு. அந்த வருஷங்களில் கரண்ட் இருந்தால்தான் செய்தி. கதவிடுக்கில் மெழுகுவத்தி வெளிச்சம் தெரிந்தது. அண்டாவின் மூடி ஓரத்திலிருந்து பிரியாணி வாசனை. ஜன்னலில் மலை இருட்டிக்கொண்டு வந்தது. வெளியே நின்ற துரைக்கண்ணு ஓட்டுப் போடுவதற்காக உள்ளே போனார். போகும்போது என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நான் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, உள்ளே போனதும் எந்தக் காலை முதலில் வைக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ரொம்ப நேரமாயிற்று. துரைக்கண்ணு திரும்பி வந்தார். என் பக்கம் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடி அவரை உள்ளே கூப்பிட்டார்கள். மறுபடி வந்தார். இந்தத் தடவை கதவுக்கு வெளியே போய் வேப்பமரத்தைப் பார்த்து நின்றுகொண்டார். பிறகு வக்கீல் தேவநேசன் வந்தார். அந்த வருஷம் அவர்தான் தலைவர். கழுத்துப்பட்டையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"தம்பி, இன்னிக்கி இல்லப்பா."

"வேற என்னிக்கிங்க சார்?"

அவர் என் தோளில் கை வைத்தார். அவ்வளவுதான். பெட்டியைத் திறந்தபோது ஆறு வெள்ளைக்கு நடுவில் ஒரு கறுப்பு இருந்திருக்கிறது. கை தவறியிருக்கும் என்று சொல்லி தேவநேசன் இன்னொரு தடவை போடச் சொல்லியிருக்கிறார். அப்போதும் ஆறு வெள்ளை, ஒரு கறுப்பு. ஒரு தடவை என்றால் கை தவறியது. இரண்டு தடவை என்றால் மனசு. அப்படித்தான் உள்ளேயிருந்த எல்லாரும் முடிவு செய்தார்கள். நானும்.

அன்றைக்கு அந்த நீள மேசையில் யாரும் உட்காரவில்லை. காதர் பாய் ஒரு தூக்கு நிறைய பிரியாணி போட்டு என் கையில் திணித்தார். வாடகை அறைக்குப் போக மனமில்லாமல் ஊருக்குப் பஸ் ஏறினேன். அப்பா கை கழுவிவிட்டு உட்கார்ந்து, ஒரு வாய் போட்டார்.

"நல்லா இருக்குடா. சேத்துக்கினாங்களா?"

"இல்லப்பா."

மென்றுகொண்டிருந்தவர் நிறுத்தினார். பிறகு மறுபடி மென்றார். "டைய கழட்டிட்டு நீயும் உக்காரு. ஆறிடப் போவுது" என்றார். அதற்கப்புறம் இன்றுவரை அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மறுநாள் கஜேந்திரன் வீட்டில் போர்டு சுவரில் சாய்த்தபடியே இருந்தது. அவருக்குக் கோபம் அடங்கவில்லை. "எவனுக்குய்யா மனசு வந்திச்சி? எங்கிட்ட சரினு சொல்லிட்டு, ரெண்டு தடவ. ரெண்டு தடவ போட்டிருக்கானே." நான்தான் அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருந்தது. யார் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே. உள்ளே மடித்து வைத்திருந்த சிரிப்பை எடுத்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது எதையும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நிதானமாகச் சொல்ல என்னால் ஆகாது. அடுத்த கூட்டத்துக்கு கஜேந்திரன் போகவில்லை. போளூர் அண்ணன் விமானம் ஏறினார். காதர் பாய் தன் கடை நாற்காலியை ரோட்டுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டார். எதிர்ப்பக்கத்திலிருந்து அருணாசலம் ஒரு வாரம் கத்திப் பார்த்தார். "டேய், காது கேக்கலியா? டேய் ஆணி!" பிறகு அவரும் நிறுத்திவிட்டார். நீயா போட்டாய் என்று இவர் கேட்கக் கூடாது. நான் போடவில்லை என்று அவர் சொல்லக் கூடாது. இரண்டு பேரும் சட்டத்தை மீறாதவர்கள். நடுவில் பஸ்கள் மட்டும் போய்க்கொண்டிருந்தன. சாசனம் சென்னைக்குத் திரும்பிப் போனது. கஜேந்திரனைப் பிரபு வந்து கூட்டிக்கொண்டு போனான். துரைக்கண்ணு போய்ச் சேர்ந்தார். போன வருஷம் அருணாசலம். அவருடைய ஊர்வலம் பஜாரில் வந்தபோது எல்லாக் கடையிலும் மரியாதைக்கு ஷட்டரை இறக்கினார்கள். காதர் பாயும் இறக்கினார். ஆனால் உள்பக்கமாக உட்கார்ந்துகொண்டு இறக்கினார்.

பங்களா இருந்த இடத்தில் நாலு மாடியில் யாத்ரீகர் விடுதி வரப்போகிறது. பிளான் போட்டது எங்கள் ஆபீஸ். வரைந்தவன் நான். நட்சத்திரம் இருந்த இடத்தில் தண்ணீர்த் தொட்டி வருகிறது.

இடிப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டும் என்று காதர் பாய் ஆட்டோவில் வந்து, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பிரபு சென்னையிலிருந்து வந்தது ஒரு சாவியைக் கொடுக்க. அப்பாவின் பீரோவில் இருந்ததாம். கஜேந்திரன் இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு நான் கதவைப் பார்த்தேன். அதற்குள் கதவு இருந்த சுவர் கீழே கிடந்தது.

"அப்பா கடைசியில எப்டி இருந்தாரு?" என்றார் காதர் பாய்.

"பேசறத கொறச்சிட்டாரு அங்கிள். கண்ணு ஆபரேஷனுக்கு அப்பறம்தான் அப்டி ஆனாரு."

"கண்ணுல இன்னா?"

"ரெண்டு கண்ணுலயும் புரை. முத்திப்போய் இருந்திச்சி. எங்ககிட்ட சொல்லவே இல்ல. சொன்னா மெட்ராசுக்குக் கூட்டிக்கினு போயிடுவேன்னு பயம். இத்தினி வருஷம் கிட்டத்தட்ட குருடா இருந்திருக்கார், எப்டிய்யா சமாளிச்சாருனு டாக்டர் எங்களத் திட்டினாரு. பழக்கத்துல சமாளிச்சிருக்காரு. சாமான் வெச்ச எடம் மாறாம இருந்தா போதும், கை தானா போயிடும்பாரு. கட்டு பிரிச்ச அடுத்த வாரம் கேரம்போர்டு வாங்கிக் குடுத்தோம். ஆசையா உக்காந்தாரு. ஒரு கறுப்புக் காய எடுத்து உள்ளங்கையில வெச்சிக்கினு பாத்துக்கினே இருந்தாரு. அப்பறம் எழுந்து போயிட்டாரு. அந்தப் போர்டத் தொடவே இல்ல."

பொக்லைன் நின்றிருந்தது. ஓட்டுகிற பையன் டீ குடிக்கப் போயிருந்தான். காதர் பாய் தரையைப் பார்த்தார். உடைந்த கற்கள், கறுப்பும் வெள்ளையும், எல்லாமே சுண்ணாம்புத் தூசி படிந்து ஒரே நிறமாகக் கிடந்தன.

"அன்னிக்கி ஏட்டு கிண்ணத்தத் தேச்சிட்டு எடம் மாத்தி வெச்சிட்டான்" என்றார் மெதுவாக. "கிட்ட போயி பாத்தப்பதான் தெரிஞ்சிச்சி. வெள்ள எடது பக்கம் இருந்திச்சி. நான் எடதுலேருந்துதான் எடுத்தேன். ரெண்டு தடவையும். நான் வெள்ளதான் போட்டேன் தம்பி."

சொல்லக் கூடாத அந்த வாக்கியத்தை ஏழு பேரில் ஒருவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கஜேந்திரனின் கை இரண்டு தடவையும் வலது பக்கம் போயிருக்கிறது. எனக்காக. நாற்பது வருஷப் பழக்கத்தில், துளி சந்தேகம் இல்லாமல்.

"ஓட்டுக்கு முன்னாடி மண்டி சொன்னான்" என்றார் காதர் பாய். "கொத்தனாரு மவன் உள்ள வந்தாதான்டா இது நெசமான லாட்ஜுனு சொல்லிச் சிரிச்சான். அப்டி சொல்லிட்டுப் போயி கறுப்பு போட்டானேனுதான் எனக்கு ஆத்திரம். கேட்டிருக்கலாம். கேக்கக் கூடாதுனு சொல்லி வெச்சிட்டானுங்க." கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தூசி நிறையத்தான் இருந்தது. "அவன் சாவுக்கு நான் போவல தம்பி."

பிரபுவுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். பொக்லைன் பையன் வந்து ஏறி இன்ஜினைப் போட்டான். அந்தச் சத்தத்துக்கு மேலாக, பஜாரில் பஸ்ஸுக்கு மேலாகக் கத்துகிற அந்தப் பழைய குரலில், காதர் பாய் கேட்டார்.

"ஆபரேஷனுக்கு எவ்ளோ ஆச்சிப்பா?"

"ரெண்டு கண்ணுக்கும் சேத்து முப்பத்தாறாயிரம் அங்கிள்."